மாற்றியமைத்த ஜீப்பும் எண்ணெய்ச் செலவும்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில், முன்னாளில் இரட்டை மாட்டு வண்டி செய்துவந்த வேலைகளில் ஒரு பகுதியை ஜீப்பு வண்டி ஏற்றுக்கொண்டிருக்கிறது. விதை மூட்டையும் உர மூட்டையும் வயலுக்குப் போவதும், புல்லுக்கட்டும் காய்கறிக் கூடையும் ஊருக்கு வருவதும், பழுதான பம்புசெட்டு மோட்டார் பட்டறைக்குப் போய்த் திரும்புவதும் இதிலேயே நடைபெறுகின்றன. நிலமோ எங்கும் ஒரே தன்மையுடையதன்று. மேலூர், வாடிப்பட்டிப் பக்கங்களில் பெரியாறு வாய்க்கால்களின் கரைகளும் நஞ்சையை ஒட்டிய வண்டிப் பாதைகளும் உண்டு. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கங்களில் ஐப்பசி மழை பெய்ததும் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். உசிலம்பட்டிப் பக்கத்தில் கல்லும் மேடும் கலந்த செவல் நிலம் மிகுதி. இவ்விடங்களில் வண்டி சிக்காமல் ஓடவேண்டுமென்று கருதிப் பலர் பெரிய டயர் மாட்டுகின்றனர். ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்து வண்டியை உயர்த்துகின்றனர். முன்புறம் இரும்புச் சட்டமும் மேலே பாரம் வைக்கும் கேரியரும் பொருத்துகின்றனர். சிலர் என்ஜினையே மாற்றிவிடுகின்றனர்.

சில மாதங்கள் சென்றபின், "வண்டி முன்போல் மைலேஜ் கொடுக்கவில்லை" என்ற முறைப்பாடு எழுகிறது. உடனே டீசல் பம்பையும் நாஸில்களையும் கழற்றிச் சீர்செய்யச் சொல்லுவது வழக்கமாயிருக்கிறது. இது செலவு மிகுந்த வேலை. குற்றம் பம்பில் இல்லாதபோது இச்செலவு முழுவதும் வீண். வண்டியோ முன்போலவே எண்ணெய் குடிக்கும். மனம் சலித்து, நல்ல வண்டியைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவோரும் உண்டு. ஆகையால், பழுதுபார்க்கத் தொடங்குமுன் எண்ணெய் எங்கே போகிறது என்று அளந்தறியும் முறை இங்கே விவரிக்கப்படுகிறது. டீசல் ஜீப்பை மனத்திற்கொண்டு இது எழுதப்பட்டதாயினும், இதன் பெரும்பகுதி பெட்ரோல் ஜீப்புக்கும் டிராக்டருக்கும் பொருந்தும்.

மூவகை நஷ்டம்

மாற்றியமைத்த வண்டியில் காணப்படும் எண்ணெய் நஷ்டம் மூன்று வகைப்படும். முதலாவது, கணக்கில் மட்டும் உள்ள நஷ்டம். உண்மையில் எண்ணெய் வீணாவதில்லை, அளவுதான் தவறு. இரண்டாவது, பழுதினால் வரும் நஷ்டம். இதைச் சீர்செய்து மீட்கலாம். மூன்றாவது, மாற்றத்தின் விலை. வண்டி மாற்றிய நிலையில் இருக்கும்வரையில் இதை மீட்க இயலாது. இம்மூன்றையும் பிரித்தறியாமல் ஒன்றாகக் கலந்து பார்ப்பதனாலேயே குடியானவர் பணம் பட்டறையில் கரைகிறது.

மாற்றத்துக்கு விலை உண்டு என்பது மதுரைக்குப் புதிதன்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில் (1939-45) பெட்ரோல் அரிதானபோது, மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் மரக்கரியிலிருந்து வாயு உண்டாக்கும் சாதனம் ஒன்றைச் செய்து விற்றனர். இத்தகைய கரிவாயுச் சாதனங்களைத் தாங்கிப் பஸ்களும் லாரிகளும் ஓடின. பெட்ரோல் இல்லாமலே வண்டி ஓடியது பெரும் உதவி. ஆனால் என்ஜினின் பலம் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது, சாதனத்தின் பாரமும் வண்டிமேல் ஏறியது. அன்று அவ்விலையை அறிந்தே கொடுத்தனர். இன்று பெரிய டயர் மாட்டுவோரும் அதன் விலையை அறிந்து கொடுக்கவேண்டும்.

முதற்கண் அளவு

இரண்டாம் உலக யுத்தத்தின்பொருட்டு 1941 முதல் அமெரிக்காவில் பெருவாரியாகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பில், 134 கன அங்குலக் கொள்ளளவுள்ள பெட்ரோல் என்ஜினும் 6.00-16 அளவுள்ள குறுகிய டயரும் இருந்தன. பின்னர் மகிந்திரா நிறுவனத்தார் இந்தியாவில் செய்த ஜீப்புகளும் இவ்வமைப்பிலிருந்தே தொடங்கின. டீசல் என்ஜின் பிற்பாடு வந்தது. இவ்வண்டிகளில் தூரம் காட்டும் மீட்டர், சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதையே கணக்கிடுகிறது; எவ்வளவு பூமியைக் கடந்தது என்பதை அது அறியாது. பெரிய டயர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுந்த தூரம் கடக்கிறது. மீட்டரோ பழைய டயரின் கணக்கையே காட்டிக்கொண்டிருக்கும்.

இதை அறிவது எளிது. வண்டியில் வழக்கமான பாரத்தை ஏற்றிச் சமமான தரையில் நிறுத்துக. டயரின் அடியில், தரையைத் தொடும் இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடும், அதற்கு நேரே தரையில் ஒரு கோடும் இடுக. சக்கரம் சரியாகப் 10 சுற்றுச் சுற்றும்வரையில் வண்டியை மெள்ளத் தள்ளி, மீண்டும் தரையில் கோடிட்டு, இடைத்தூரத்தை நாடாவினால் அளக்க. பழைய டயர் கைவசம் இருந்தால் அதையும் மாட்டி இவ்வாறே அளக்க. இல்லையேல், மேலூர்ச் சாலையிலோ திருமங்கலம் சாலையிலோ நாட்டியிருக்கும் கிலோமீட்டர்க் கற்களுக்கிடையே 10 கிலோமீட்டர் ஓட்டி, மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்க.

எண்ணெயை அளப்பதில் கவனிக்க வேண்டியவை பின்வருவன. காலையில், சமமான இடத்தில், டாங்கியை வாய்வரையில் நிரப்புக. குறைந்தது 150 கிலோமீட்டர் ஓட்டியபின் அதே பங்க்கில், அதே இடத்தில் வண்டியை நிறுத்தி மீண்டும் அதே அளவுக்கு நிரப்புக. இரண்டாம் முறை ஏறிய எண்ணெயே செலவான எண்ணெய். இப்பரிசோதனை தார்ச் சாலையில் மட்டுமே செய்யத்தக்கது. நல்ல தார்ச் சாலையில் 1 டன் எடையுள்ள வண்டியை உருட்டுவதற்கு 15 முதல் 20 கிலோ இழுவிசை போதுமாயிருக்க, உழுத பொலபொலப்பான நிலத்தில் 100 கிலோவுக்கு மேலும் வேண்டியிருக்கும். ஆதலின் வயலில் ஓடிய தூரத்தைச் சாலையில் ஓடிய தூரத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால் ஒன்றும் விளங்காது.

ஓர் உதாரணம்

மேலூர்ப் பக்கத்துக் குடியானவர் ஒருவரின் டீசல் ஜீப்பு, மாற்றுவதற்கு முன் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடியதாக வைத்துக்கொள்ளலாம். பெரிய டயர் மாட்டியபின் மீட்டர்ப்படி 165 கிலோமீட்டர் ஓட்டுவதற்கு 20 லிட்டர் செலவாயிற்று; அதாவது லிட்டருக்கு 8¼ கிலோமீட்டர். பழைய டயர் 10 சுற்றில் 22 மீட்டரும், புதிய டயர் 24 மீட்டரும் கடப்பதாக அளவில் தெரிந்தது. எனவே மீட்டர் காட்டும் ஒவ்வொரு 11 கிலோமீட்டரும் உண்மையில் 12 கிலோமீட்டராகும். 165 என்பது 180 ஆயிற்று. 180-ஐ 20-ஆல் வகுக்க, லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கிடைக்கிறது. நஷ்டம் 3¾ அன்று, 3 என்பது இதனால் விளங்கும். ஸ்பானர் தொடாமலே முக்கால் கிலோமீட்டர் திரும்பிவிட்டது. எஞ்சிய 3 கிலோமீட்டரில் பழுது எவ்வளவு, மாற்றத்தின் விலை எவ்வளவு என்பதே அடுத்த கேள்வி.

பழுதைத் தேடும் வரிசை

காசு செலவில்லாத சோதனை முன்னும், செலவு மிகுந்தது பின்னும் வரவேண்டும். இவ்வரிசையை மாற்றலாகாது. ஒரு முறைக்கு ஒரே குற்றத்தைத் திருத்தி மறுபடியும் அளக்க வேண்டும். பலவற்றை ஒருங்கே திருத்தினால் பயன் தந்தது எது என்று தெரியாது.

(1) ஒழுக்கு: இரவில் என்ஜினுக்கும் டாங்கிக்கும் அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவைத்துக் காலையில் பார்க்க. உயர்த்திய வண்டியில் ரப்பர்க் குழாய்கள் இழுபட்டு இணைப்பில் கசிவதுண்டு. நாஸில்களிலிருந்து டாங்கிக்கு எண்ணெய் திரும்பும் சிறு குழாயைத் தனியே பார்க்க வேண்டும். அது என்ஜின் ஓடும்போது மட்டும் கசிந்து, சூட்டில் உலர்ந்து, அடையாளமின்றி மறையும்.

(2) டயரின் காற்று: சேற்றில் ஏறுவதற்காகக் காற்றைக் குறைத்துவிட்டு, சாலைக்கு வந்தபின் நிரப்ப மறப்பது மிகச் சாதாரணமான குற்றம். காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கவேண்டும். மாற்றிய டயருக்கு வண்டியோடு வந்த குறிப்பேட்டின் அளவு பொருந்தாமற் போகலாம். அப்போது டயரின் அகலம் முழுவதும் குறுக்கே சுண்ணக்கோடு இட்டு, நேரான தார்ச் சாலையில் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்க. கோடு இரு ஓரங்களில் மட்டும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. ஒரு சீராகத் தேய்ந்தால் சரியான அளவு. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவை எவ்வகையாலும் கடக்கலாகாது.

(3) முன் அச்சு இணைப்பு: வயலில் நான்கு சக்கர இழுப்பைச் சேர்த்தவர் சாலைக்கு வந்ததும் அதை விலக்க வேண்டும். வளைவுகளில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன. மண்ணில் சக்கரம் சறுக்கி இவ்வேறுபாடு தீரும். தாரில் தீராமல் அச்சுகள் ஒன்றோடொன்று இழுபறி செய்து எண்ணெயையும் டயரையும் தின்னும். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவுள்ள டயர் மாட்டியிருந்தால் நேர்ப்பாதையிலும் இதே கேடு விளையும். நாற்சக்கர வண்டிக்கு நான்கு டயர்களும் ஒரே சுற்றளவாக இருத்தல் கட்டாயம்.

(4) பிரேக்குப் பிடிப்பு: நஞ்சைச் சேறு டிரம்முக்குள் புகுந்து உலர்ந்தால், பிரேக்கு முற்றும் விடுபடாது. 8 கிலோமீட்டர் அளவு, இயன்றவரை பிரேக்கு மிதியாமல் ஓட்டி, வண்டியைத் தானே நிற்கவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுசென்று சூட்டை ஒப்பிடுக; தொடலாகாது, கை வெந்துபோகலாம். ஒன்று மட்டும் மிகுந்த சூடாயிருந்தால் ஜாக்கி வைத்து அச்சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க. வில்லிஸ் அமைப்புள்ள ஜீப்புகளில் கைப்பிரேக்கு சக்கரத்தில் இராமல், கியர்ப் பெட்டிக்குப் பின்னே சுழலும் தண்டில் அமைந்திருக்கும்; நான்கு சக்கரங்களும் குளிர்ந்திருந்து வண்டி இழுத்தால் இதைச் சோதிக்க. பிடித்த பிரேக்கு எண்ணெயை மட்டும் வீணாக்குவதன்று. சூடேறிய பிரேக்கு வேண்டிய நேரத்தில் பிடிக்காமற் போய் உயிருக்கு ஆபத்தாகும்.

(5) சக்கர நேர்: ஸ்பிரிங்கை உயர்த்தியபின் முன் சக்கரங்களின் நேர் மாறிவிடும். டயர் மேற்பரப்பை உட்புறமாகவும் வெளிப்புறமாகவும் உள்ளங்கையால் தடவுக. ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் அரம்போலவும் இருந்தால், சக்கரம் உருளாமல் சறுக்கி ஓடுகிறது என்று அறிக.

(6) காற்று வடிகட்டி: சித்திரை, வைகாசியில் எழும் புழுதியும் களத்துத் தூசியும் ஏர் கிளீனரை விரைவில் அடைத்துவிடும். காற்றுக் குறைந்தால் எண்ணெய் முற்றும் எரியாமல் கரும்புகையாகப் போகும். எண்ணெய்த் தொட்டியுள்ள பழைய வகையில், தொட்டியைக் கழுவிக் குறியிட்ட அளவுக்கே புதிய எண்ணெய் ஊற்றவேண்டும். கோடையில் வாரம் ஒரு முறை திறந்து பார்ப்பது நலம்.

(7) தெர்மோஸ்டாட்: இது நம் பக்கத்துக்குரிய ஒரு தவறு. மதுரையின் வெயிலுக்கு அஞ்சி, "இது இருந்தால் என்ஜின் சூடாகும்" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். இதன் வேலை, என்ஜின் உரிய சூட்டை அடையும்வரையில் ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாமல் தடுப்பது. பெரும்பாலும் 70 முதல் 85 டிகிரி சென்டிகிரேடுக்குள் திறந்துவிடும். இதை எடுத்துவிட்டால் என்ஜின் குளிர்ந்தே ஓடி, எண்ணெய் மிகுதியாகச் செலவாகும். சிலிண்டரும் விரைவில் தேயும். என்ஜின் கொதித்தால் ரேடியேட்டர் அடைப்பையும் விசிறிப் பட்டையையும் பார்க்க வேண்டுமேயன்றித் தெர்மோஸ்டாட்டை நீக்குதல் பரிகாரமாகாது.

(8) கிளச்சு நழுவல்: பெரிய டயரின் சுமையைத் தாங்காமல் கிளச்சு நழுவுவதுண்டு. மேட்டில் என்ஜினின் ஓசை உயர்ந்தும் வண்டியின் வேகம் உயராமல், கருகல் நாற்றமும் வீசினால் இதுவே காரணம்.

(9) எண்ணெயின் சுத்தம்: டிரம்மில் எண்ணெய் வாங்கிவைப்போர், தண்ணீரும் கசடும் அடியில் தங்குமாறு அதை அசையாமல் வைத்து, அடியிலிருந்து மூன்று அங்குலம் விட்டு மேலெண்ணெயையே எடுக்க வேண்டும். டீசல் வடிகட்டி அடைபட்டால் பலம் குறைந்து, ஓட்டுபவர் தாழ்ந்த கியரிலேயே ஓட்ட நேரிடும்.

(10) டீசல் பம்பும் நாஸிலும்: மேற்கண்ட ஒன்பதும் சரியாயிருந்த பின்னரே இதற்கு வரவேண்டும். புகையின் நிறம் வழிகாட்டும். கரும்புகை எண்ணெய் மிகுதியையோ காற்றுக் குறைவையோ காட்டும். நீலப்புகை என்ஜின் ஆயில் எரிவதைக் காட்டும். சூடேறிய என்ஜினில் வெண்புகை நீடித்தால் எண்ணெய் எரியாமல் போகிறது, அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறது. நாஸிலைக் கழற்றிச் சோதிப்பதைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே விடவேண்டும். அதிலிருந்து பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மாற்றத்தின் விலை

உதாரணத்தில் கண்ட குடியானவர் மேற்சொன்ன வரிசையில் சென்று, டயரில் காற்று நிரப்பி, பின்சக்கரம் ஒன்றின் பிரேக்குப் பிடிப்பை நீக்கி, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் பொருத்தியதில், வண்டி லிட்டருக்கு 10½ கிலோமீட்டர் ஓடியது என்க. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுவாராயின், 9 கிலோமீட்டர் வீதம் 111 லிட்டர் ஆன செலவு இப்போது 95 லிட்டராகிறது. மிச்சம் மாதத்துக்கு 16 லிட்டர். பழைய 12 கிலோமீட்டர் வீதமாயின் 83 லிட்டரே ஆகும். எஞ்சிய 12 லிட்டர்தான் மாற்றத்தின் விலை. அன்றன்றைய எண்ணெய் விலையால் பெருக்கினால் ரூபாய்க் கணக்கு கிடைக்கும். இதை மெக்கானிக் எவராலும் மீட்க இயலாது. பம்பைத் திறந்தாலும் கிடைக்காது.

இவ்விலை எதனால் உண்டாகிறது? அகன்ற டயர் தாரில் உருள மிகுந்த விசை வேண்டும். இரும்புச் சட்டமும் கேரியரும் எடையைக் கூட்டுகின்றன. உயர்ந்த வண்டி காற்றை மிகுதியாகத் தடுக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும்; 60 கிலோமீட்டர் வேகத்தில் உள்ளதைவிட 80-இல் ஏறத்தாழ 1¾ மடங்காகிறது. பெரிய டயரினால் என்ஜினின் சுற்றுக் குறையும் என்பது உண்மையே. வில்லிஸ் ஜீப்புகள் பலவற்றில் அச்சின் பல்விகிதம் 43-க்கு 8 ஆகும். அதன்படி 60 கிலோமீட்டர் வேகத்தில் மேல் கியரில், பழைய டயருக்கு நிமிஷம் ஒன்றுக்குச் சுமார் 2,440 சுற்றும், புதிய டயருக்குச் சுமார் 2,240 சுற்றும் ஆகும். ஆயினும் என்ஜினின் இழுப்பு, சக்கரத்தில் அவ்வளவுக்குக் குறைந்துவிடுவதால், பாரம் ஏற்றியபோதும் மேட்டிலும் கியரைத் தாழ்த்த வேண்டியிருக்கிறது. சுற்றில் கண்ட இலாபம் கியரில் போய்விடுகிறது.

ஆகவே, வண்டி எந்த நிலத்தில், வருஷத்தில் எத்தனை நாள் ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்க. ஆற்று மணலிலும் பொலபொலத்த மண்ணிலும் அகன்ற டயர் அமிழாமல் செல்லும். அடியில் கெட்டித் தரையுள்ள மெல்லிய சேற்றிலோ, குறுகிய டயரே சேற்றை அறுத்துக்கொண்டு தரையைப் பிடிக்கும். இரண்டு மாதச் சேற்றுக்காகப் பன்னிரண்டு மாதமும் விலை கொடுப்பது தகுமா என்பதை அவரவர் கணக்கே சொல்லும். கேரியரை வேண்டாதபோது கழற்றிவைப்பதும், சாலையில் 60 கிலோமீட்டருக்கு மேற்படாமல் செல்லுவதும் செலவில்லாத சிக்கனமாகும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988-ஆம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. என்ஜினை மாற்றப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். முன்புறத்து இரும்புச் சட்டம் இப்பிரிவுக்கு முரணானது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017-இல் மாநிலங்களுக்கு அறிவித்தது. தயாரிப்பாளர் அமைப்புக்கு மாறான மாற்றங்கள் கூடா என்று சுப்ரீம் கோர்ட்டும் 2019-இல் தீர்ப்பளித்தது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பணத்துக்கும் இதனால் தகராறு வரலாம். மூல அளவுக்குத் திரும்புதல் எண்ணெய்க்கும் சட்டத்துக்கும் ஒருங்கே நன்மையாகும்.

குறிப்புப் புத்தகம்

வண்டியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எப்பொழுதும் இருக்கட்டும். தேதி, மீட்டர் எண், ஊற்றிய லிட்டர், ஏற்றிய பாரம், ஓடிய நிலம், செய்த பழுது வேலை என ஆறு பத்தி போதும். வயலில் ஓடிய நேரத்தை மணிக்கணக்கில் தனியே குறிக்க. மூன்று மாதத்துக் குறிப்பு கையில் இருந்தால், எண்ணெய்ச் செலவு என்று, எதன்பின் கூடிற்று என்று அப்புத்தகமே காட்டிவிடும். பட்டறைக்குச் செல்லும் குடியானவர், "மைலேஜ் இல்லை" என்று மட்டும் கூறாமல், "இன்ன சக்கரம் சூடாகிறது, இன்ன நிறப் புகை வருகிறது, உண்மைத் தூரப்படி இவ்வளவு ஓடுகிறது" என்று கூறுவாராயின், மெக்கானிக்கின் வேலையும் சுருங்கும். தம் பணமும் மிஞ்சும். மடையைத் திறக்குமுன் வாய்க்காலில் உடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பவர் குடியானவர். எண்ணெய் விஷயத்திலும் அவ்வழக்கத்தையே கைக்கொள்வாராக.